உறுதியில் ‘பேய்சன்’: பூட்டனாரின் பெயர் எங்கிருந்து வந்தது?

சங்கானைப் பக்கத்திலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் எழுதியிருக்கிறார். அவருடைய அப்பப்பாவின் தகப்பனார் பெயர் ஆறுமுகம். அதற்கு முன்னால் விளங்காத இன்னொரு பெயரும் நிற்கிறது. 1884இல் பதிவான அப்பப்பாவின் பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில் தகப்பன் பெயர் ‘பேசன் ஆறுமுகம்’. 1891ஆம் ஆண்டின் காணி உறுதியில் (உரிமைப் பத்திரத்தில்) ‘வேலுப்பிள்ளை மகன் பேய்சன் என்னும் ஆறுமுகம்’. 1951இல் அப்பப்பாவின் அந்தியேட்டிக்கு அச்சிட்ட கல்வெட்டு என்னும் நினைவுப் பாமலரில் ‘பேச்சில் வல்ல பேசனார்’. நல்ல பேச்சாளர் என்பதால் வந்த பெயர் என்றே வீட்டில் எல்லோரும் சொல்லி வந்திருக்கிறார்கள். உறுதியின் அடியில் பூட்டனார் வைத்த கையெழுத்தில் மட்டும் முதலில் ஈ, பி என்ற இரண்டு ஆங்கில எழுத்துகளும் பிறகு தமிழில் ஆறுமுகம் என்றும் இருக்கிறதாம்.

ரொறன்ரோவிலிருக்கும் ஒன்றுவிட்ட தம்பி இது ஒல்லாந்த இரத்தம் என்று சொல்லி மரபணுப் பரிசோதனைக்குக் காசு சேர்க்கிறார். ஆறு பரப்புக் காணியைப் பங்கிட நிற்கும் தமையனோ, ‘பேய்’ என்று கிடப்பது அவமானம், சட்டத்தரணியிடம் கொடுக்குமுன் அந்த ‘ய்’யை பிளேட்டால் சுரண்டிவிடுவோம் என்கிறார். பூட்டன் வேதக்காரனாகி, அதாவது கிறிஸ்தவனாகியிருந்தால் காணி உரிமைக்கே சிக்கல் வரும் என்ற பயமும் அவருக்கு உண்டு. கர்ப்பமாயிருக்கும் மகளுக்கோ அந்தப் பெயரைப் பிள்ளைக்கு வைக்க ஆசை. பெயர் எங்கிருந்து வந்தது, காணிக்கு என்ன செய்வது என்பவைதான் கேள்விகள்.

அன்புள்ள அம்மா,

முதலில் தமையனாரிடமிருந்து அந்த உறுதியை வாங்கி உங்கள் பெட்டிக்குள் வையுங்கள். மற்றதெல்லாம் ஆறுதலாகச் செய்யலாம், இதை இன்றைக்கே செய்ய வேண்டும். உங்கள் கேள்விக்கு இதுவரை கிடைத்திருப்பவற்றில் மிக நம்பகமான சாட்சி அந்த ‘ய்’தான்.

ஏனென்று சொல்கிறேன். உங்களிடமுள்ள மூன்று எழுத்துவடிவங்களுக்கும் ஒரே பெறுமதி இல்லை. 1951இன் கல்வெட்டு, பூட்டனார் இறந்து அரை நூற்றாண்டுக்குப் பிறகு புலவர் ஒருவர் பாடியது. பேச்சுக்கும் பேசனுக்கும் மோனை அழகாக விழுந்திருக்கிறது. ‘பேசு’ என்பதிலிருந்து பேச்சாளன் வரும், பேசுவான் வரும். ‘பேசன்’ என்று ஆளுக்குப் பெயர் வைக்கும் வழக்கம் தமிழில் இல்லை. பெயரின் காரணம் மறந்துபோன வீட்டுக்குப் புலவர் ஒரு காரணம் கொடுத்தார், வீடு அதை ஏற்றுக்கொண்டது. 1884இன் பிறப்புப் பதிவு, பதிவுக்காரர் தன் காதில் விழுந்தபடி எழுதியது. உறுதி அப்படியானதல்ல. பூட்டனார் உறுதி எழுதும் நொத்தாரிசுக்கு முன்னாலிருந்து, எழுதியதை வாசிக்கக் கேட்டு, ஒப்புக்கொண்டு கையெழுத்து வைத்த பத்திரம் அது. தன் பெயரில் பேய் என்ற ஓசை வருவதை அவரும் கேட்டிருப்பார். அப்படியும் விட்டாரென்றால், அந்த ஓசைதான் சரி.

தமிழ்ச் சொல்லென்று நினைப்பதை விட்டுவிட்டு ஆங்கிலப் பெயரொன்றாக அதை உச்சரித்துப் பாருங்கள். பி, ஏ, வை, எஸ், ஓ, என் என்று ஆறெழுத்தில் எழுதப்படும் ‘பேய்சன்’ அமெரிக்காவின் நியூ இங்கிலாந்துப் பகுதியில் வழங்கும் குடும்பப் பெயர். முதல் அசையில் ‘ஏய்’ என்று இழுபடும் அந்த ஒலியை நொத்தாரிசு நுணுக்கமாகக் காதில் வாங்கி எழுதியிருக்கிறார். அந்தப் பெயர் கொண்டவர்களில் அக்காலத்தில் பேர்போனவர், மேய்ன் மாநிலத்தின் போட்லண்ட் நகரில் போதகராயிருந்த எட்வேர்ட் பேய்சன் (1783–1827). அவர்மேல் உள்ள மதிப்பால் தங்கள் பிள்ளைகளுக்கு எட்வேர்ட் பேய்சன் என்று முழுப்பெயரையும் வைத்த குடும்பங்கள் அங்கே அநேகம். இப்போது கையெழுத்தைப் பாருங்கள். ஈ, பி. நம் வழக்கப்படி தலையெழுத்து தகப்பன் பெயருக்குரியது. தகப்பன் வேலுப்பிள்ளை என்று அதே உறுதி சொல்கிறது. வேலுப்பிள்ளைக்கு ஈயும் வராது, பியும் வராது.

அமெரிக்கப் பெயர் சங்கானைக்கு எப்படி வந்தது

அமெரிக்க மிஷன் யாழ்ப்பாணத்துக்கு வந்தது 1816இல். தெல்லிப்பழை, வட்டுக்கோட்டை, உடுவில், பண்டத்தரிப்பு, மானிப்பாய் என்று வலிகாமத்தில்தான் அதன் தொடக்க கால நிலையங்கள் இருந்தன. விடுதிப் பள்ளிகளில் ஊர்ப் பிள்ளைகளைச் சேர்த்தார்கள். வட்டுக்கோட்டைச் செமினரி 1823 முதல் 1855 வரை நடந்தது. உங்கள் வீட்டிலிருந்து அது நடைதூரம்.

பிள்ளையின் சாப்பாடு, உடுப்பு, படிப்புச் செலவை அமெரிக்காவிலுள்ள ஒரு நன்கொடையாளரோ சபையோ மாதர் சங்கமோ ஏற்கும். ஏற்றவர்கள் தாங்கள் விரும்பிய ஒரு பெயரை அந்தப் பிள்ளைக்கு வைக்கும்படி கேட்பார்கள். தங்கள் பெயராகவும் இருக்கும், தாங்கள் மதிக்கும் போதகரின் பெயராகவும் இருக்கும். பள்ளியில் அந்தப் பெயர், வீட்டில் பழைய பெயர். பிறகு இரண்டும் ஒட்டிக்கொள்ளும். ‘பாவலர் சரித்திர தீபகம்’ எழுதிய சதாசிவம்பிள்ளைக்கு ஆர்னல்ட், ‘நியாய இலக்கணம்’ எழுதிய சிதம்பரப்பிள்ளைக்கு நெவின்ஸ், விசுவநாதபிள்ளைக்கு கரல், கதிரைவேற்பிள்ளைக்கு வைமன். ஏட்டுச்சுவடிகளைத் தேடி அச்சேற்றிய சி. வை. தாமோதரம்பிள்ளைக்கும் கிங்ஸ்பரி என்ற பெயர் இருந்தது. அவர் மகன் அழகசுந்தரம் பிரான்சிஸ் கிங்ஸ்பரி என்றே அறியப்பட்டவர்.

இந்தப் பட்டியலில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. எல்லாம் வெள்ளைக்காரருடைய குடும்பப் பெயர்கள், நம்மவருக்கு முதற்பெயராக வந்து நிற்கின்றன. ஒரு பெயரைப் பார்த்ததும் அது எந்த வாசலால் வந்தது என்று பிரிக்க இது நல்ல அடையாளம். கத்தோலிக்கர் வழியாக வந்ததென்றால் புனிதர் பெயர் போர்த்துக்கேயத்திலிருந்து தமிழ் நாக்குக்கு வளைந்திருக்கும்: சூசை, சவிரி, இன்னாசி, சுவக்கீன், மடுத்தீன், எஸ்தாக்கி. தானியேல், சாமுவேல், ஆபிரகாம் போன்ற வேதாகமப் பெயர் எந்த மிஷனாலும் வந்திருக்கலாம், அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. அமெரிக்கக் குடும்பப் பெயரொன்று ஆறுமுகத்துக்கு முன்னால் நின்றால் முதலில் தட்ட வேண்டியது அமெரிக்க மிஷனின் கதவை.

ஒல்லாந்தர் கதையை இங்கேயே விட்டுவிடலாம். அவர்கள் ஆட்சி 1796இல் முடிந்தது. ஒல்லாந்த வம்சத்தவர் தங்கள் குடும்பப் பெயரைத் தகப்பன் வழியில் கடைசிப் பெயராகக் காத்து வந்தவர்கள். வேலுப்பிள்ளையின் மகன் ஆறுமுகத்துக்கு முன்னால் தனியாக வந்து ஒட்டிய பெயருக்கு அந்த வழி பொருந்தாது. மரபணுப் பரிசோதனையும் உதவாது. பெயர் இரத்தத்தில் இறங்குவதில்லை. பூட்டன் ஒருவரிடமிருந்து உங்களுக்கு வந்திருப்பது சராசரியாக எட்டில் ஒரு பங்கு. அதில் என்ன தெரிந்தாலும் பள்ளியில் வைத்த பெயரைப் பற்றி ஒரு சொல்லும் வராது. தம்பி சேர்த்த காசைப் பத்திரப் பிரதிகளுக்குச் செலவிடச் சொல்லுங்கள்.

இன்னொன்றையும் பிரித்துப் பாருங்கள். அந்தப் பெயர் இருந்ததால் அவர் ஞானஸ்நானம் பெற்றார் என்று ஆகாது. பெயர் வந்தது பள்ளியில் சேர்ந்ததாலும் செலவை ஒருவர் ஏற்றதாலும். சபையில் சேர்வது வேறு காரியம். சேராமலே படித்து வெளியேறினவர்கள் உண்டு, சேர்ந்து பிறகு சைவத்துக்குத் திரும்பினவர்களும் உண்டு, தாமோதரம்பிள்ளையே திரும்பினவர்தான். உங்கள் பூட்டனார் இவர்களில் எந்த வகை என்பதை ஏடுதான் சொல்ல வேண்டும். எதுவானாலும் தமையனார் வெட்கப்பட அதில் ஒன்றுமில்லை. அந்தக் காலத்தில் ஒரு பிள்ளை கணிதமும் வானசாத்திரமும் இரண்டு மொழியும் படிக்கக் கிடைத்த வழி அது.

இதுவரை சொன்னது வலுவான ஊகம். அதை நிரூபணமாக்கக் கீழே சொல்லும் வரிசையில் தேடுங்கள். வரிசை முக்கியம். பெயரின் ஓசையைப் பிடித்துக்கொண்டு நேரே அமெரிக்காவில் தேடினால் நூறு பேய்சன்கள் வருவார்கள், உங்கள் பூட்டனார் வரமாட்டார்.

முதலில் காணிப் பதிவகம்

நொத்தாரிசு ஓர் உறுதி முடித்தால் ஒரு பிரதி காணிக்காரருக்கு, ஒன்று அவருடைய சொந்தக் கோவைக்கு, ஒன்று காணிப் பதிவகத்துக்கு. உங்கள் உறுதியின் இலக்கம், திகதி, நொத்தாரிசின் பெயர் மூன்றையும் கொடுத்து யாழ்ப்பாணக் காணிப் பதிவகத்தில் உறுதிப்படுத்திய பிரதி கேளுங்கள். அதோடு அந்தக் காணியின் பதிவுப் பக்கத்தையும் பாருங்கள். அதே காணியில் 1891க்கு முன்னும் பின்னும் பூட்டனார் கையெழுத்து வைத்த வேறு உறுதிகள், ஈடுகள் இருந்தால் இலக்கங்கள் அங்கே கிடைக்கும். ஒவ்வொன்றிலும் கையெழுத்தை மட்டும் தனியாகப் படமெடுங்கள். ஏதாவது ஒன்றில் அவர் ‘எட்வேர்ட்’ என்று முழுதாக எழுதியிருந்தால் பாதி வேலை முடிந்தது. ‘ஈ’ எலியாஸாகவோ எபனேசராகவோ இருந்தால் என் ஊகம் அந்த இடத்தில் திருத்தப்பட வேண்டும். தலையெழுத்து ஊர்ப்பெயராகவும் இருக்கலாம், சி. வை. என்பதையே சிறுப்பிட்டி வைரவநாதர் என்று விரிப்பது தமிழ் வழக்கு. ஆகவே வேலுப்பிள்ளையின் பூர்வீகம், ஆங்கிலத்தில் ‘ஈ’யில் தொடங்கும் ஏழாலை அல்ல என்பதையும் உறுதிசெய்யுங்கள்.

பழைய கையெழுத்தை வாசிக்கும்போது புள்ளியை நம்பாதீர்கள். வேகமாக எழுதினவர்கள் புள்ளி வைக்கமாட்டார்கள், ஒற்றைக்கொம்புக்கும் இரட்டைக்கொம்புக்கும் வித்தியாசம் காட்டமாட்டார்கள். ‘பெயசன’ என்று கண்டாலும் அவர்தான். இன்னொரு சிக்கல், நாம் ஆங்கில ஒலிகளை எழுதும் முறை. ரொறன்ரோ, ரிக்கற் என்று ‘ர’வையும் ‘ற’வையும் போடுவது நம் ஊர் வழக்கம். ‘வில்லியம்’ பழைய ஏட்டில் ‘உவில்லியம்’ ஆக இருக்கும். ஆங்கில ஏட்டிலும் அப்படித்தான். தமிழிலிருந்து திருப்பி எழுதிய எழுதுவினைஞர் ‘பேசன்’, ‘பெசன்’, ‘பைசன்’ என்று எதை வேண்டுமானாலும் எழுதியிருப்பார். ஐந்தாறு வடிவங்களை ஒரு தாளில் எழுதி, எங்கே போனாலும் கையில் கொண்டு போங்கள்.

பிறப்பு, இறப்புப் பதிவுகள்

பிறப்பு இறப்பைப் பதியும் சட்டம் 1867இல்தான் வந்தது. பூட்டனார் 65 வயதளவில் விகாரி வருஷம் ஆவணியில் இறந்தார் என்றும், அபரபக்கச் சட்டியில் இன்றும் திதி கொடுக்கிறீர்கள் என்றும் எழுதியிருக்கிறீர்கள். அறுபது வருஷச் சுற்றில் விகாரி 1839, 1899, 1959இல் வரும். அவருக்குப் பொருந்துவது 1899. பிறந்தது 1834ஐ ஒட்டி இருக்கும், அதற்குப் பிறப்புப் பதிவு இராது, தேடி அலையாதீர்கள். மரணப் பதிவு இருக்கும். ஆவணி என்றால் ஓகஸ்ட் நடுப்பகுதி முதல் செப்ரெம்பர் நடுப்பகுதி வரை. அறிவிக்கப் பிந்தியிருந்தால் ஒக்ரோபர் வரை பார்க்கச் சொல்லி, பிரதேச செயலகத்திலுள்ள பதிவாளர் பிரிவில் விண்ணப்பியுங்கள். ‘அந்தக் காலத்து ஆறுமுகம்’ என்று கேட்டால் கிடைக்காது. மாதத்தையும் ஊரையும் சுருக்கிக் கொடுத்தால்தான் ஏட்டைப் புரட்டுவார்கள்.

அப்பப்பா கடைசிப் பிள்ளை என்கிறீர்கள். மூத்த சகோதரங்களின் பிறப்புப் பதிவுகளையும் எடுங்கள். ஒவ்வொரு பதிவுக்காரரும் தகப்பன் பெயரை ஒவ்வொரு விதமாகக் கேட்டு எழுதியிருப்பார். நாலைந்து வடிவங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் மூல ஒலி தானாகத் தெரியும். விவாகப் பதிவு கிடைக்காவிட்டால் மனம் சோர வேண்டாம், அக்காலச் சைவக் கல்யாணங்கள் பல பதியப்படாதவை.

திருச்சபை ஏடுகளும் பொஸ்ரனும்

அமெரிக்க மிஷனின் சபைகள் 1947 முதல் தென்னிந்தியத் திருச்சபையின் யாழ்ப்பாண ஆதீனத்தில் இருக்கின்றன. வட்டுக்கோட்டை, பண்டத்தரிப்பு, உடுவில், மானிப்பாய், தெல்லிப்பழை ஆலயக் குருமார்களுக்குத் தனித்தனியாகக் கடிதம் எழுதுங்கள். கேட்பதை ஒரு பக்கத்துக்குள் அடக்குங்கள்: வேலுப்பிள்ளை மகன் ஆறுமுகம், பள்ளிப் பெயர் எட்வேர்ட் பேய்சனாக இருக்கலாம், 1840 முதல் 1860 வரை. ஞானஸ்நான ஏட்டோடு நின்றுவிடாமல், சபையில் சேர்க்கப்பட்டோர், சபையிலிருந்து நீக்கப்பட்டோர் பட்டியல்களையும் பார்க்கக் கேளுங்கள். திரும்பிப் போனவர்களின் பெயர் கடைசிப் பட்டியலில்தான் இருக்கும், பலர் தவறவிடும் இடமும் அதுதான். வட்டுக்கோட்டையில் யாழ்ப்பாணக் கல்லூரி நூலகத்தையும் கேளுங்கள். செமினரி அச்சிட்ட மூன்றாண்டு அறிக்கைகளில் ஏதேனும் பார்க்கக் கிடைத்தால் மாணவர் பெயர்களுக்காகப் பாருங்கள்.

இவ்வளவும் செய்த பிறகு அமெரிக்கா. மிஷனை அனுப்பிய சபை பொஸ்ரனில் வெளியிட்ட மாத இதழ் ‘மிஷனரி ஹெரல்ட்’. அதன் நன்கொடைப் பட்டியல்களில் இலங்கையில் இன்ன பெயர்ப் பிள்ளைக்கென்று இன்ன ஊர்ச் சபை கொடுத்தது என்ற வரிகள் வரும். பழைய தொகுதிகள் இணையத்தில் இலவசமாக வாசிக்கக் கிடைக்கின்றன. மிஷனின் கடிதங்களும் அறிக்கைகளும் ஹாவார்ட் பல்கலைக்கழகத்தின் ஹோட்டன் நூலகத்தில் உள்ளன. இந்த இடத்தில் ரொறன்ரோத் தம்பி உண்மையாகவே உதவலாம்.

ஊரிலேயே இன்னொரு நல்ல மூலம் உண்டு. உறவுக்குள் 1920கள், 30களில் இறந்தவர்களின் கல்வெட்டுகளைத் தேடுங்கள். வம்சாவளி அதில் இருக்கும். நூலகம் நிறுவனத்தின் இணையத் தளத்திலும் நினைவு மலர்கள் பல ஏற்றப்பட்டிருக்கின்றன. 1951க்கு முந்திய கல்வெட்டொன்றில் ‘ய்’ இருந்தால், புலவர் எப்போது அதை விட்டார் என்பதும் தெளிவாகும்.

காணி விஷயம்

இந்தப் பகுதியைத் தமையனாருக்கு வாசித்துக் காட்டுங்கள்.

உறுதியில் ஓர் எழுத்தைச் சுரண்டுவது திருத்தம் அல்ல, பத்திரத்தை மாற்றுவது. காணிப் பதிவகப் பிரதியில் ‘ய்’ இருக்கும், உங்கள் கைப்பிரதியில் இராது. இன்று யாருக்கும் வராத சந்தேகம் அன்றைக்கு வரும். பொய்ப்பத்திரம் என்ற குற்றச்சாட்டுக்கும் அது இடம் கொடுக்கும். திருத்த உறுதியும் சரிவராது; எழுதிக் கொடுத்தவர்களும் வாங்கினவர்களும் இன்று இல்லை. இறந்தவருக்குச் சட்டப்படி பெயர் மாற்றவும் தேவையில்லை. தேவையானது, பேசன் ஆறுமுகமும் பேய்சன் என்னும் ஆறுமுகமும் ஒருவரே என்று காட்டுவது மட்டும். பங்கீட்டு உறுதியின் முன்னுரையில் ‘பேய்சன் என்றும் பேசன் என்றும் ஆறுமுகம் என்றும் அழைக்கப்பட்டவர்’ என்று மூன்றையும் எழுதுவித்து, குடும்பத்தில் மூத்தவர் ஒருவரின் சத்தியக்கடதாசியையும் சேர்த்து வையுங்கள்.

பங்காளிகளுக்குள் வழக்கு வந்தாலும் பழைய பத்திரங்கள் உங்கள் பக்கம்தான் நிற்கும். 1895ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 90ஆம் பிரிவின்படி, முப்பது வருடத்துக்கு மேற்பட்ட பத்திரம் இருக்க வேண்டிய இடத்திலிருந்து வந்தால், அதன் கையெழுத்து உரியவருடையதே என்று நீதிமன்றம் அனுமானிக்கலாம். 32ஆம் பிரிவு, உறவுமுறை பற்றி இறந்துபோனவர்கள் குடும்ப உறுதியிலும் வம்சாவளியிலும் கல்லறையிலும் எழுதி வைத்ததைச் சாட்சியமாக ஏற்க இடம் தருகிறது. நிபந்தனை ஒன்று: பிணக்கு எழுமுன் எழுதியதாக இருக்க வேண்டும். இன்று கைவைத்த பத்திரம் அந்தத் தகுதியை இழக்கும்.

மதம் பற்றிய பயம் வேண்டாம். தேசவழமை என்ற நம் வழமைச் சட்டம் யாழ்ப்பாணத் தமிழர் என்பதால் பொருந்துவது, சைவரா கிறிஸ்தவரா என்று பார்த்துப் பொருந்துவதல்ல. பூட்டனார் ஞானஸ்நானம் பெற்றிருந்தாலும் முதுசம் (பரம்பரைச் சொத்து) முதுசம்தான், அவர் பிள்ளைகளின் பங்கும் அப்படியே. உண்மையில் கவனிக்க வேண்டியது வேறு. 1891க்கும் இன்றைக்கும் இடையில் எத்தனை பேர் உறுதி எழுதாமலே உரிமை பெற்றார்கள் என்று எண்ணிப் பாருங்கள். அப்பப்பாவின் சகோதரங்கள் தங்கள் பங்கை எழுதிக் கொடுக்காமல் போயிருந்தால், அவர்களுடைய பிள்ளைகளின் சம்மதம் இல்லாமல் நீங்கள் இருவர் மட்டும் பங்கிட முடியாது. ஒரு ‘ய்’யைவிட ஆயிரம் மடங்கு பெரிய ஓட்டை அதுவாக இருக்கலாம். காணிப் பதிவகத்துக்குப் போகும் அன்றே அதையும் பார்த்துவிடுங்கள்.

மகளுக்குத் தடை எதுவும் இல்லை, விரும்பிய பெயரை வைக்கலாம். ஆனால் பதியுமுன் எழுத்தை ஒன்றாகத் தீர்மானியுங்கள்: தமிழில் பேய்சனா பேசனா, ஆங்கிலத்தில் அந்த ஆறெழுத்தா. பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில் ஒன்றும் கடவுச்சீட்டில் ஒன்றுமாக இருந்தால் அந்தப் பிள்ளை கந்தோர் கந்தோராக ஏற வேண்டி வரும். என்னைக் கேட்டால், திருச்சபைப் பதில் வரும்வரை பொறுங்கள் என்பேன். மரணப் பதிவின் பிரதியும் கையெழுத்துகளின் படங்களும் கிடைத்ததும் அனுப்பிவையுங்கள். பங்கீட்டு உறுதியின் முன்னுரையில் எந்த வடிவத்தை முதலில் போடுவது என்று அப்போது சொல்கிறேன்.